காகிதக்கூழில் மார்பெலும்பு: இதுவரை செய்தது

கழுத்தடியிலிருந்து தோள் வரை போகும் காறை எலும்பு இரண்டையும் நிஜ அளவில் செய்து முடித்ததும், அவற்றின் உள்முனை எதில் போய் உட்காரும் என்ற கேள்வி வந்துவிட்டது. தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் பின்பக்கம் தசைகளின் பிடியில் மட்டுமே நிற்கிறது. முதுகெலும்போடு அதற்கு மூட்டு கிடையாது. நம் கை முழுவதும் நடு எலும்புக்கூட்டோடு எலும்புக்கு எலும்பாகச் சேருகிற இடம் ஒவ்வொரு பக்கமும் ஒன்றே ஒன்றுதான். அது மார்பெலும்பின் மேல் மூலை. அதனால் இந்த முறை மார்பெலும்பு.

பொருள் வழக்கம்போல் காகிதக்கூழ். செய்தித்தாளை இரவு முழுக்க ஊறவைத்து, இதற்கென்றே ஒதுக்கி வைத்த பழைய மிக்ஸி ஜாரில் அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, மைதாப் பசையும் சாக்பீஸ் தூளும் சேர்த்துப் பிசைந்துகொள்வேன். பசை காய்ச்சும்போது கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. பைண்டிங் வேலை செய்கிறவர்கள் செய்வதுதான். ஆனால் அது விஷம். சமையல் பாத்திரத்தில் காய்ச்சக் கூடாது, கையுறை போட்டுக்கொண்டு பிசைய வேண்டும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைச் சேர்க்காமலே செய்வது நல்லது.

அளவு: வயது வந்த ஆணுக்கு மார்பெலும்பு சுமார் 17 செ.மீ. வரும், பெண்ணுக்குக் கொஞ்சம் குறைவு. நான் எடுத்துக்கொண்டது மேல்பகுதியான மனுப்ரியத்துக்கு 5, நடு உடலுக்கு 10, கீழே சிஃபாய்டு நுனிக்கு 2. கூழ் காயும்போது சுருங்கும் என்பதால் எல்லா ஓரத்திலும் கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் அட்டையை வெட்டினேன்.

அட்டையில் வரையும்போதே ஒன்று தெளிவாகிவிட்டது. இந்த எலும்பைப் பொறுத்தவரை ஓரம்தான் எல்லாம். முன்பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை, பின்பக்கத்தில் அதைவிடவும் குறைவு. ஆனால் ஒரு பக்க ஓரத்தை மேலிருந்து கீழே வரைந்தால் ஒரு காறை எலும்புக்கும் ஏழு விலாக்களுக்கும் இடம் விட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு இணைப்புகள். அந்தப் பதினாறையும் சரியான இடத்தில், சரியான சாய்வில் குறித்துவிட்டால், எங்கே அகலம், எங்கே குறுகல் என்பதெல்லாம் தானே வந்துவிடுகிறது. படத்தைப் பார்த்து மனப்பாடமாகப் படிக்கிறவர்களுக்கு இது பிடிபடுவது கஷ்டம். செய்து பார்த்தால் முதல் நாளிலேயே புரிந்துவிடும்.

மனுப்ரியத்தில் ஆரம்பித்தேன். மேல் விளிம்பின் நடுவில் ஒரு பள்ளம். தொண்டைக்குக் கீழே விரல் வைத்தால் ஒரு குழி தட்டுப்படுமே, அதன் அடித்தளம் இதுதான். ஆனால் செய்து பார்த்தபோது எலும்பில் இருக்கும் பள்ளம் நாம் தொட்டு உணர்வதைவிட ஆழம் குறைவாக இருந்தது. காரணம் அதன் இருபுறமும் உட்காருகிற காறை எலும்பு முனைகள். அந்த முனை, தான் உட்காரும் குழியைவிடப் பெரிது. பாதிக்குமேல் வெளியே, மேலே துருத்திக்கொண்டு நிற்கும். நம் கழுத்துக் குழியை அவ்வளவு ஆழமாகக் காட்டுவது அந்த இரண்டு துருத்தல்கள்தான். இப்படிப் பொருந்தாத இரண்டு பரப்புகள் நடுவில் உடம்பு ஒரு நார்க்குருத்தெலும்புத் தட்டை வைத்திருக்கிறது. ஒரு விரலை அங்கே வைத்து, தோளைத் தூக்கி இறக்கிப் பாருங்கள். அந்த முனை நகர்வது நன்றாகத் தெரியும். முன்பே செய்த காறை எலும்பை வைத்துப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் ரப்பர் தகடு ஒன்றை நடுவில் கொடுத்த பிறகுதான் அது ஆடாமல் நின்றது.

அந்தக் குழிக்கு உடனே கீழே முதல் விலாவின் இடம். இதற்கு வழவழப்பான மூட்டுப் பரப்பு செய்யத் தேவையில்லை. இரண்டாவது முதல் ஏழாவது வரை உள்ள விலாக்களுக்கு மூட்டுக் குழியும் அதற்குள் வழுக்கும் திரவமும் உண்டு. முதல் விலாவின் குருத்தெலும்பு மட்டும் நேராக மார்பெலும்போடு ஒட்டிப்போயிருக்கும், நடுவில் இடைவெளியே கிடையாது. அதனால் அந்த இடத்தை உப்புத்தாள் போடாமல் சொரசொரப்பாகவே விட்டேன்.

மனுப்ரியமும் உடலும் சேரும் இடத்தில்தான் அதிக நேரம் செலவானது. இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. சுமார் 160 முதல் 165 டிகிரி வரை மடங்கிச் சேர்கின்றன, மடிப்பு முன்பக்கம் துருத்தியபடி. லூயி கோணம் என்று மருத்துவ மாணவர்கள் சொல்வது இதைத்தான். கழுத்துக் குழியிலிருந்து விரலை மெதுவாக 5 செ.மீ. போலக் கீழே இறக்கினால் குறுக்காக ஒரு மேடு தட்டும். ஒல்லியானவர்களுக்குக் கண்ணாடியிலேயே தெரியும். அந்த மேட்டிலிருந்து விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் நேராகப் போய் நிற்பது இரண்டாவது விலாவில். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் மறைந்திருப்பதால் அதைத் தொட்டு எண்ண முடியாது. அதனால் விலாக்களை எண்ணுகிற எல்லோரும் இந்த மேட்டில்தான் தொடங்குகிறார்கள். ஈசிஜி எடுக்கும்போது மார்பெலும்பின் இரு ஓரங்களிலும் ஒட்டுகிற முதல் இரண்டு மின்முனைகள் நான்காவது விலா இடைவெளியில் வர வேண்டும். இந்த மேட்டைத் தொட்டு, இரண்டாவது விலா, அதன் கீழே இரண்டாவது இடைவெளி, மூன்று, நான்கு என்று இறங்கித்தான் அந்த இடத்தைப் பிடிக்கிறார்கள்.

உள்ளே பார்த்தாலும் இதே மட்டம் முக்கியம்தான். மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிவது ஏறக்குறைய இந்த உயரத்தில். பெருந்தமனியின் வளைவு தொடங்குவதும் முடிவதும் இங்கேதான். பின்னால் முதுகில் பார்த்தால் நான்காவது, ஐந்தாவது மார்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலான தட்டு. உடலுக்குள் இருக்கும் அத்தனையையும் தோலுக்கு மேலிருந்தே காட்டிக்கொடுக்கிற இப்படியொரு மேடு நமக்கு இருக்கிறது என்பதை நினைக்க நினைக்க எனக்கு ஆச்சரியம் குறையவே இல்லை.

செய்கிறவருக்கு இங்கே இரண்டு வேலை. ஒன்று, இரண்டாவது விலாவின் குழி பாதி மனுப்ரியத்திலும் பாதி உடலிலும் விழ வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் அரைக்குழி. தனித்தனியாகக் குடைந்து பிறகு சேர்த்தால் வட்டம் பொருந்தாது. இரண்டையும் கம்பியால் இறுக்கிக் கட்டி, ஈரம் இருக்கும்போதே ஒரே வேலையாகக் குடைவதுதான் வழி. இரண்டு, இந்தச் சேர்க்கை அசையும். மூச்சு உள்ளே இழுக்கும்போது மார்பெலும்பு அடிபம்புக் கைப்பிடி போல முன்னும் மேலுமாக எழுகிறது. அப்போது மனுப்ரியமும் உடலும் ஒன்றுக்கொன்று சில டிகிரி மடங்குகின்றன. பெரும்பாலானவர்களுக்கு இந்த இணைப்பு வாழ்நாள் முழுக்கக் குருத்தெலும்பாகவே இருக்கும், வயதான சிலருக்குத்தான் எலும்பாகிவிடும். அதனால் இதைப் பசை போட்டு ஒட்டாமல், ஹவாய் செருப்பின் ரப்பரிலிருந்து மெல்லிய தகடு சீவி நடுவில் வைத்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் கொஞ்சம் மடங்கித் திரும்புகிறது. போதும்.

உடல் பகுதி சுலபம். மேலே குறுகல், கீழே இறங்க இறங்க அகலம், ஐந்தாவது விலாவின் பக்கத்தில் அதிக அகலம், அதன்பின் மறுபடி சட்டென்று குறுகல். விலாக் குழிகளுக்கு இடையிலான தூரம் கீழே போகப் போகக் குறையும். ஆறும் ஏழும் கிட்டத்தட்ட ஒட்டியே வரும். முன்பக்கத்தில் மூன்று குறுக்குக் கோடுகள், அவற்றை ஈர்க்குச்சியால் மெல்ல எழுப்பினேன். இவை அலங்காரம் அல்ல. சிறுவயதில் இந்த உடல் நான்கு தனித் துண்டுகளாக இருக்கிறது. பருவ வயதில் தொடங்கி 25 வயதுக்குள் அவை கீழிருந்து மேலாக ஒன்றுசேர்கின்றன. அந்தத் தையல்தான் இந்தக் கோடுகள்.

அந்தத் துண்டுகளை நேரில் பார்க்க ஆசை. கறிக்கடைக்குப் போனேன்.

“பாய், நெஞ்செலும்பை வெட்டாம முழுசா குடுங்க.”

“வெட்டாம குக்கர்ல எப்படிக்கா போகும்?”

சூப்புக்கு இல்லை, படிக்க என்று சொன்னதும் அவரே ஓரத்து விலாக்களை மட்டும் நறுக்கிவிட்டு நடு எலும்பை நீளமாக எடுத்துக் கொடுத்தார். பெரிய அகல பாத்திரத்தில் மெதுவாக வேகவைத்துச் சதையை எடுத்ததும் வரிசையாக எலும்புத் துண்டு, குருத்தெலும்பு, எலும்புத் துண்டு என்று தெளிவாகத் தெரிந்தது. இளம் ஆடு என்பதால் எதுவும் ஒட்டவில்லை. இன்னொன்றும் பார்த்தேன். ஆட்டுக்குக் காறை எலும்பு கிடையாது. அதனால் அதன் மார்பெலும்பின் முன்முனை நம்முடையதைப் போல அகலமாக இல்லை. குறுகலாக, கட்டையாக முடிகிறது. கையைப் பக்கவாட்டில் விரித்துத் தாங்குகிற இரண்டு எலும்புகள் வந்து முட்ட வேண்டியிருப்பதால்தான் நம் மனுப்ரியம் இவ்வளவு அகலம். ஓரம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று அட்டையில் தோன்றியது இங்கே உறுதியானது.

வேகவைக்கும் முன்பே ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பார்த்திருந்தேன். வெளியே முட்டை ஓடு கணக்கில் மெல்லிய கெட்டி எலும்பு, உள்ளே முழுக்கச் சிவந்த பஞ்செலும்பு. மனிதரிலும் அப்படித்தான். பெரியவர்களுக்குக் கை கால் எலும்புகளில் பெரும்பாலும் மஞ்சள் கொழுப்பு மஜ்ஜையாகிவிட்ட பிறகும், மார்பெலும்பில் ரத்தம் உற்பத்தி செய்யும் சிவப்பு மஜ்ஜை கடைசி வரை இருக்கும். தோலுக்கு அடியிலேயே இருக்கும் எலும்பு, மெல்லிய ஓடு, உள்ளே சிவப்பு மஜ்ஜை. 1920-களின் கடைசியில் ரஷ்ய மருத்துவர் அரின்கின் மார்பெலும்பில் ஊசி குத்தி மஜ்ஜை எடுக்கும் முறையைக் கொண்டுவந்ததற்கு இதுதான் காரணம். இப்போது பெரும்பாலும் இடுப்பெலும்பில்தான் எடுக்கிறார்கள். மார்பெலும்புக்குப் பின்னால் இருப்பது இதயமும் பெருந்தமனியும்.

இதையொட்டி இன்னொரு விஷயம். நூற்றில் சுமார் ஐந்து பேருக்கு மார்பெலும்பு உடலின் கீழ்ப்பகுதியில், நடுக்கோட்டில், பிறவியிலேயே வட்டமான ஓட்டை ஒன்று இருக்கும். கருவில் இந்த எலும்பு வலம் இடமாக இரண்டு பட்டைகளாகத் தோன்றி, பிறகு நடுவில் சேர்கிறது. சேராமல் விட்ட இடம் ஓட்டையாக நிற்கிறது. அந்த மனிதருக்கு இதனால் தொந்தரவு எதுவும் இல்லை. ஆனால் அங்கே ஊசி போனால் நேராக இதயம். எலும்புக்கூடு மட்டும் கிடைக்கும் வழக்குகளில் இதைத் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டை என்று எண்ணிவிடும் அபாயமும் உண்டு. என் மாதிரியில் இதைச் சேர்க்கவில்லை. அடுத்தது செய்தால் அதில் வைப்பேன்.

பின்பக்கம்: லேசான குழிவு, கரண்டியின் முதுகால் அழுத்தி வழவழப்பாக்கினேன். அவ்வளவுதான்.

சிஃபாய்டு நுனியில் செய்கிறவருக்குச் சுதந்திரம் அதிகம். சிலருக்குக் கூராக, சிலருக்கு இரண்டாகப் பிளந்து, சிலருக்கு ஓட்டையோடு, சிலருக்கு முன்பக்கம் வளைந்து இருக்கும். நான் முப்பது வயதுக்காரரின் எலும்பாக நினைத்துக்கொண்டு செய்வதால் நுனி இன்னும் உடலோடு எலும்பாக ஒட்டவில்லை. அது பெரும்பாலும் நாற்பதை ஒட்டித்தான் நடக்கும். நாற்பதுக்கு மேல் சிலர் மேல் வயிற்றில் ஏதோ கட்டி என்று பயந்து மருத்துவரிடம் போக, அது கெட்டியான இந்த நுனியாக இருப்பதும் உண்டு. இதற்கு மட்டும் எம்-சீல் பயன்படுத்தினேன், அவ்வளவு மெல்லிய முனை கூழில் உடைந்துபோகும்.

வடிவம் பார்க்க வீட்டில் இருந்த எக்ஸ்ரே ஒன்றையும் எடுத்துப் பார்த்தேன், மாமாவுக்கு பைபாஸ் முடிந்த பிறகு எடுத்தது. முன்னிருந்து எடுத்த படத்தில் மார்பெலும்பின் ஓரமே கண்ணுக்குப் பிடிபடவில்லை. முதுகெலும்பின் நிழல் அதை விழுங்கிவிடுகிறது. பக்கவாட்டுப் படத்தில்தான் சரியாகத் தெரியும். ஆனால் அந்த முன்படத்தில் நடுக்கோட்டில் வரிசையாகச் சின்னச் சின்ன எஃகுக் கம்பி வளையங்கள். மார்பெலும்பை மேலிருந்து கீழாக நடுவில் அறுத்து இதயத்தை அணுகுகிறார்கள். முடிந்ததும் இரு பாதிகளையும் அந்தக் கம்பிகளால் இறுக்குகிறார்கள், அவை உள்ளேயே தங்கிவிடும். பஞ்செலும்பும் சிவப்பு மஜ்ஜையுமாக ரத்த ஓட்டம் நன்றாக உள்ள எலும்பு என்பதால் திரும்பச் சேர்ந்துவிடுகிறது.

இப்போது எலும்பு காய்ந்து, சாக்பீஸ் தூளும் ஃபெவிகாலும் கலந்த மேல்பூச்சு முடிந்து, 220 எண் உப்புத்தாள் போட்டாயிற்று. நிறம் பாக்கி. எலும்புக்கு மங்கலான தந்த நிறம், குருத்தெலும்புக்கு லேசாக நீலம் கலந்த வெள்ளை.

அடுத்த வேலை விலாக் குருத்தெலும்புகள். முதலாவது மார்பெலும்பை நோக்கிக் கொஞ்சம் இறங்கி வரும், இரண்டாவது படுக்கையாக, மூன்றாவது லேசாக ஏறி. நான்கிலிருந்து விலாவோடு கொஞ்ச தூரம் இறங்கிவிட்டு, மடங்கி, மேலே ஏறி வந்து சேரும். இவை வளைய வேண்டும். இதயம் நின்றுபோனவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவியான சிபிஆரின்போது மார்பெலும்பின் கீழ்ப்பாதியை 5 முதல் 6 செ.மீ. வரை அழுத்த முடிவது இந்தக் குருத்தெலும்புகள் வளைந்து கொடுப்பதால்தான். கூழில் அது நடக்காது. கட்டுக்கம்பியில் பருத்தித் துணி சுற்றி, மேலே சிலிக்கான் பூசி வலது முதல் விலாவுக்கு ஒன்று செய்து மாட்டியிருக்கிறேன். வளைத்துவிட்டால் திரும்பி வருகிறது. இரண்டாவது விலாவின் முனை ரப்பர் தகட்டின் இருபுறமும் உட்கார வேண்டும் என்பதால், அது பொருந்தும் வரை மனுப்ரியத்தையும் உடலையும் கம்பிக் கட்டிலிருந்து அவிழ்க்கப்போவதில்லை.