பருவகாலப் பாடங்கள்: கற்பித்தல் பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு

தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயத் தேர்வு முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டேன். எழுத்துத் தாள்களில் சுமாரான மதிப்பெண்தான். கற்பித்தல் பயிற்சியில் மட்டும் நன்றாக வந்திருக்கிறது. இரண்டாம் வகுப்புக்கு நடத்திய பருவகாலப் பாடங்கள்தான் அதற்குக் காரணம் என்று நம்புகிறேன். முதலாண்டுத் தங்கைகள் சிலர் "அக்கா, உங்க பாடக்குறிப்பு நோட்டைத் தாங்க" என்று கேட்கிறார்கள். என் நோட்டு கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்றுக்காக எழுதியது. அதைப் பார்த்து எழுதினால் தஞ்சாவூரிலோ ஊட்டியிலோ உதவாது. அதனால் எப்படி யோசித்தேன் என்பதை இங்கே எழுதுகிறேன். பாடக்குறிப்பின் படிநிலைகள், பதிவேடுகள் எல்லாம் உங்களுக்கே தெரியும்.

முதலில் சார்ட். கடையில் கிடைக்கும் பருவகாலச் சார்ட்டில் நாலு கட்டம் இருக்கும். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், கடைசியில் வெள்ளை வெளேரென்று பனிக்கட்டியும் தொப்பி போட்ட பனிமனிதனும். தயவுசெய்து வாங்காதீர்கள். நம் ஊரில் ஐப்பசியில் இலை உதிர்வதில்லை, மழை பெய்கிறது. வேம்பும் அரசும் மாசி, பங்குனியில்தான் இலை கொட்டுகின்றன. ஏழு வயதுப் பிள்ளை தன் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டுச் சார்ட்டை நம்பக் கற்றுக்கொண்டால் அப்புறம் சூழ்நிலையியல் என்று ஒரு பாடம் எதற்கு? எங்களுக்கு வந்த ஒரு விரிவுரையாளர் துணைக்கருவிகளை எண்ணித்தான் மதிப்பெண் போடுவார். தெர்மாகோலில் சூரியன், பஞ்சில் மேகம் என்று இரவெல்லாம் வெட்டி ஒட்டிய தோழிகளை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஜன்னலுக்கு வெளியே உண்மையான மேகம் நின்றுகொண்டிருந்தது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. ஒவ்வொரு பருவகாலப் பாடத்துக்கும் இரண்டு தொடக்கம் எழுதுங்கள். ஒன்று வானிலை உங்கள் பாடத்தோடு ஒத்துவந்தால். இன்னொன்று ஒத்துவராவிட்டால். இடது பக்கம் "மழை பெய்தால்", வலது பக்கம் "வெயில் அடித்தால்" என்று நோட்டிலேயே தலைப்பிட்டு வைத்திருந்தேன். நடுப்பகுதியும் மதிப்பீடும் இரண்டுக்கும் பொது.

மதிப்பெண் போட ஒருவர் வந்து பார்க்கும் மதிப்பீட்டு வகுப்பு ஐப்பசியில் வந்தது. முந்தின நாள் நல்ல மழை. அன்று காலை சுள்ளென்று வெயில். "வெளியே பாருங்கள், என்ன பெய்கிறது?" என்று தொடங்கும் பாடத்தோடு போயிருந்தால் அங்கேயே நின்றிருக்கும். வலது பக்கத்தைப் பிரித்தேன். சிமெண்டு முற்றத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரைச் சுற்றிப் பிள்ளைகளை விட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொன்னேன். உள்ளே வந்து பாடலும் வாசிப்பும் முடித்து மறுபடி வெளியே போனபோது தண்ணீர் கோட்டை விட்டு உள்வாங்கியிருந்தது. இரண்டாவது கோடு. "டீச்சர், வெயில் குடிச்சிருச்சு" என்றான் ஒரு பையன். "வெயிலுக்கு வாய் ஏது?" என்று இன்னொருத்தி அவனை மடக்கினாள். அங்கிருந்து பாடம் தானாக நடந்தது. பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர் நோட்டில் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை. உங்களுக்கு நேரமில்லை என்றால் இந்தக் கட்டுரையில் இது ஒன்றை மட்டும் செய்யுங்கள், போதும்.

இப்போது மாதவாரியாக. பள்ளி ஜூனில் திறப்பதால் ஆனியிலிருந்து போகிறேன்.

ஆனி, ஆடி. எங்கள் பக்கம் இது காற்றுக் காலம். கயத்தாறு வழியாகப் பேருந்தில் போகும் பிள்ளைகளுக்குக் காற்றாலை புதிதில்லை. "ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்று சொல்லி, எது பறக்கும், எது பறக்காது என்று ஊகிக்கச் சொல்லுங்கள். இலை, கூழாங்கல், காகிதம், காலி டப்பா, தண்ணீர் நிறைந்த டப்பா. பிறகு வெளியே வைத்துப் பார்க்கலாம். பனையோலைக் காற்றாடிக்கு ஓலையும் கருவேலமுள்ளும் போதும், ஆனால் முள்ளை நீங்களே குத்திக் கொடுங்கள். இரண்டு கைக்குட்டைகளை நனைத்து ஒன்றை வகுப்பு மூலையிலும் ஒன்றை வராந்தாக் கொடியிலும் போட்டு, எது முதலில் காய்கிறது என்று பார்ப்பது எளிய சோதனை. காற்றே இல்லாத நாள் என்றால் அட்டையால் விசிறிச் செய்யலாம். அதுதான் உங்கள் இரண்டாவது தொடக்கம்.

இதே மாதங்களில் வேப்பமுத்து விழும். பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பத்துப் பத்தாகக் குவித்தால் இடமதிப்பு. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள். அரும்பு நிலைப் பிள்ளை ஒரு குவியலை எண்ணட்டும், மொட்டு நிலை பத்துகளாகப் பிரிக்கட்டும், மலர் நிலை இரண்டு பேர் குவியலைக் கூட்டட்டும். எண்ணும் எழுத்தும் வகுப்பில் மூன்று நிலைக்கும் ஒரே பொருள் கிடைப்பது பெரிய நிம்மதி. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை வைத்துக் கொட்டாங்குச்சியில் பாசிப்பயறு போடுவதும் இப்போதுதான். பயறு இரண்டு மூன்று நாளில் முளைவிடும் என்பதால் குறுகிய பயிற்சிக் காலத்துக்கு ஏற்றது. மொச்சை போட்டால் பொறுமை வேண்டும்.

ஆவணி. நிழல் பாடம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முற்றத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, உச்சிவேளை நிழலை நூலால் அளந்து, அந்த நூலை வெட்டித் தேதி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். செ.மீ. கணக்கு பிள்ளைகளுக்கு வேண்டாம், நூலே அளவு. உங்களுக்கு மட்டும் கணக்குச் சொல்கிறேன். கோவில்பட்டியில் 1 மீட்டர் குச்சிக்கு ஜூன் கடைசியில் உச்சிவேளை நிழல் ஏறத்தாழ 25 செ.மீ., அதுவும் தெற்குப் பக்கம் விழும். டிசம்பர் கடைசியில் 60 செ.மீ.க்கு மேல், வடக்குப் பக்கம். நடுவே ஆகஸ்ட் கடைசியில் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலிலும் இப்படி ஒரு நாள் உண்டு. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10ஐ ஒட்டி, எங்களுக்குச் சித்திரைப் பிறப்பை ஒட்டி, சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி. ஆனால் ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு, விடுமுறை என்று தட்டிப்போகும். ஆகஸ்ட் நாளைப் பிடியுங்கள். எங்கள் ஊரில் உச்சிவேளை என்பது சரியாக 12 மணி அல்ல, 12.20ஐ ஒட்டித்தான் வரும். மதிய உணவுக்குக் கை கழுவப் போகும் நேரம். எல்லோரையும் முற்றத்தில் நிற்க வைத்து "உன் நிழல் எங்கே?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட அனுப்பலாம். மேகம் மூடினால் அன்று செய்ய எதுவுமில்லை. சுவரில் இருக்கும் நூல்களை நீளவாரியாக அடுக்கச் சொல்லுங்கள், அதுவும் பாடம்தான்.

புரட்டாசியில் பனங்கொட்டை புதைக்கலாம். மார்கழிக் கடைசியில் தோண்டினால் பொங்கலுக்குப் பனங்கிழங்கு. பயிற்சி மாணவிக்கு அவ்வளவு நாள் அந்தப் பள்ளியில் இருக்கக் கிடைக்காது, வகுப்பாசிரியரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவமழை தருவது. டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாளுக்குப் படிப்பவர்களுக்கும் இது உதவும். ஒரு மழைமானி செய்யுங்கள். பக்கங்கள் நேராக இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகச் செருகினால் புனல். அடிப்பகுதி மேடுபள்ளமாக இருக்கும், அதனால் கூழாங்கல் போட்டு ஒரு கோடு வரை தண்ணீர் ஊற்றி அந்தக் கோட்டைச் சுழியமாக வையுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள், அளவு தவறாக வரும். தினமும் காலை வழிபாட்டுக்கு முன் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். 1 மி.மீ. மழை என்றால் 1 சதுர மீட்டர் இடத்தில் 1 லிட்டர் தண்ணீர். இது உங்களுக்கு, வாய்மொழிக் கேள்வியில் கேட்டால் சொல்ல.

மழை நின்றதும் ரயில்பூச்சி வரும், நத்தை வரும், தம்பலப்பூச்சி வரும், விளக்கடியில் ஈசல் இறகு கிடக்கும். பிடித்துப் பாட்டிலில் அடைக்க விடாதீர்கள். பார்த்து வரையட்டும், பார்த்த இடத்தைச் சொல்லட்டும்.

ஒரு எச்சரிக்கை. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் தோள் உயரம். சுவரில் கோடு போட்டுக் காட்டினால் அருமையான அளவைப் பாடமாக இருக்கும் என்று தோன்றும். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் செய்யாதீர்கள். மழை என்றாலே கப்பல் விடுவது, பாட்டுப் பாடுவது என்று போகாமல், "மழையில் உனக்குப் பிடிக்காதது என்ன?" என்றும் ஒரு கேள்வி வையுங்கள். ஒழுகும் கூரையைப் பற்றி ஒரு பிள்ளை பேசினால் முழுதாகக் கேளுங்கள். நேரம் போனால் போகட்டும்.

தீபாவளியும் இதே மாதங்களில்தான். "தீபாவளிக்கு என்ன வாங்கினாய்?" என்று கேட்காதீர்கள். வாங்காத பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும். பண்டிகையையும் பருவத்தையும் பிரித்து வையுங்கள். என்ன விளைகிறது, என்ன பறக்கிறது, வானம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லாப் பிள்ளைக்கும் பதில் இருக்கும்.

மார்கழி, தை. காலையில் சிலந்தி வலையில் பனித்துளி. வெயில் ஏறினால் போய்விடும், அதனால் முதல் பாடவேளையில் வையுங்கள். நான் விடியலில் எழுகிறவள், பள்ளிக்கு முதலில் போய் வேலியைச் சுற்றிவிட்டுத்தான் எந்த இடம் என்று முடிவு செய்வேன். தாமதமாக எழுகிறவர்கள் கோலத்தை எடுத்துக்கொள்ளலாம். ஏழு புள்ளி வைத்து நாலில் நிறுத்தும் இடுக்குப் புள்ளிக் கோலத்தில் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று மொத்தம் 37 புள்ளி. மூன்றாம் வகுப்புக்குக் கூட்டலும் சமச்சீரும் சேர்ந்து வரும். பையன்களையும் போட வையுங்கள்.

மாசி, பங்குனி:
- உதிர்ந்த இலைகளை அளவு, நிறம், நரம்பு பார்த்து வகைப்படுத்துதல்
- வேம்பில் புதுத் தளிர், பூ. ஒரே மரத்தை வாரம் ஒருமுறை வரைதல்
- பறவைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி. யார் யார் வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுதல்
- நுங்கு. ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண். மூன்றாம் வாய்ப்பாட்டுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி நான் பார்க்கவில்லை. இரண்டு கண் உள்ள காய் வந்தால் அதையும் மறைக்காதீர்கள், கழித்தலுக்கு ஆகும்

கத்திரி வெயில் மே மாதம், பள்ளி இருக்காது. அதனால் கோடைப் பாடம் பங்குனியிலேயே முடிய வேண்டும், அல்லது ஜூனில் "விடுமுறையில் என்ன பார்த்தாய்?" என்று பின்னோக்கிப் போக வேண்டும். இரண்டாவதில் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள்.

நோட்டில் எழுத வேண்டியவை, வேகமாக:
- தேதியோடு தமிழ் மாதத்தையும் எழுதுங்கள்
- பெரும்பொழுதுகள் ஆறும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கார் ஆவணி புரட்டாசி, கூதிர் ஐப்பசி கார்த்திகை, முன்பனி மார்கழி தை, பின்பனி மாசி பங்குனி, இளவேனில் சித்திரை வைகாசி, முதுவேனில் ஆனி ஆடி. பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள்
- ஒரே பொருளில் தமிழ், கணக்கு, சூழ்நிலையியல் மூன்றுக்கும் கற்றல் விளைவு எழுதுங்கள்
- வெளியே அழைத்துப் போகத் தலைமையாசிரியரிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். மதிப்பீட்டாளர் வந்த பிறகு கேட்டால் சங்கடம்
- பாட வராதவர்கள் பாடலைக் கட்டாயமாகப் புகுத்த வேண்டாம். நான் விடுகதை போட்டேன், யாரும் குறைத்து மதிப்பிடவில்லை

சரி, வேறு ஊர்க்காரர்கள் என்ன செய்வது? நீலகிரி என்றால் உறைபனி உங்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. டெல்டா என்றால் நாற்றங்கால், நடவு, கதிர் எல்லாம் பள்ளிக்குப் போகும் வழியிலேயே கிடைக்கும். கடற்கரை என்றால் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும், அப்பா வீட்டில் இருக்கும் காலம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். பயிற்சிப் பள்ளி ஒதுக்கப்பட்டதும், நோட்டுக்கு அட்டை போடுவதற்கு முன், அந்த ஊருக்கு ஒரு நாள் காலையில் போய்ப் பள்ளிவரை நடந்து பாருங்கள். சத்துணவு சமைக்கும் அக்காவிடம் இந்த மாதத்தில் ஊரில் என்ன விளைகிறது என்று கேளுங்கள். என் நோட்டில் பாதி அப்படிக் கேட்டு எழுதியதுதான்.