16 பக்கப் பத்திரமும் 5 எம்பி வரம்பும்

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது மூலப் பத்திரத்தை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றச் சொன்னார்கள். ஒரு கோப்பு 5 எம்பிக்கு மேல் போகக் கூடாது. எங்களுடையது 1974-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரம். முத்திரைத்தாளில் மைப் பேனாவால் எழுதிய 16 பக்கங்கள், ஓரமெல்லாம் பழுப்பு, அங்கங்கே ஊதா நிறச் சீல். ஜெராக்ஸ் கடைத் தம்பி 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 பிக்சல், அதாவது படப்புள்ளி) அளவில், கலரில் பளிச்சென்று ஸ்கேன் செய்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். கோப்பு 80 எம்பியைத் தாண்டியது. “இலவசமா சுருக்கித் தர்ற சைட் இருக்கு சார், போட்டுடலாமா?” என்றார். வேண்டாம் என்றேன். கையெழுத்து, கைநாட்டு, சர்வே எண் எல்லாம் இருக்கிற பத்திரத்தை யாருடையது என்றே தெரியாத சர்வருக்கு அனுப்ப மனம் வரவில்லை.

வீட்டுக் கணினியில் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தது. பிடிஎஃப் கோப்புகளைக் கையாளும் இலவச மென்பொருள்தான், கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவே. அதில் தரத்துக்கு ஏற்பத் தயார் நிலையில் சில அமைப்புகள் உண்டு: ஸ்கிரீன் என்றால் படங்கள் 72 டிபிஐ, ஈபுக் என்றால் 150, பிரின்டர் என்றால் 300. ஸ்கிரீனில் போட்டதும் 80 எம்பி ஒரு எம்பிக்குள் அடங்கிவிட்டது. திறந்து பார்த்தால் மெய்யெழுத்துகளின் புள்ளிகளைக் காணோம். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் ஒரே மாதிரி கிடந்தன.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். பேனா வைத்த புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். 72 டிபிஐயில் அதற்குக் கிடைப்பது ஒன்றரை பிக்சல். 150-இல் மூன்று, 300-இல் ஆறு. போதாததற்கு, கலர் படங்களைச் சுருக்கப் பயன்படும் ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. அழுத்திச் சுருக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் ஒரு மங்கல் வரும். ஒன்றரை பிக்சல் புள்ளி அதில் தப்பிக்க வழியே இல்லை.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் என்ன? அச்சடித்த சுத்தமான தாளுக்கு அதுதான் சிறந்தது. ஒரு பிக்சலுக்கு ஒரே பிட், 300 டிபிஐயிலும் பக்கம் 100 கேபிக்குள் முடிந்துவிடும். பழைய தாளுக்குச் சரிவரவில்லை. பழுப்பெல்லாம் கரும்புள்ளிகளாகச் சிதறியது, சீல் கறுத்த வட்டமாகி உள்ளே இருந்த எழுத்தை மூடிவிட்டது. அந்தச் சிதறல்களையும் பதிய வேண்டியிருப்பதால் கோப்பும் எதிர்பார்த்த அளவு குறையாது.

கறுப்பு வெள்ளையில் இன்னொரு வம்பும் உண்டு. ஜேபிக்2 என்ற சுருக்க முறையில், ஒன்றுபோல் தோன்றும் எழுத்துகளை ஒரே வடிவமாகச் சேமிக்கும் வகை ஒன்று இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் நிறுவன இயந்திரங்கள் இப்படித்தான் 6-ஐ 8 ஆக்கியதைக் கண்டுபிடித்தார். மங்கலாக இருந்தால் சந்தேகமாவது வரும். இதில் தப்பான எண் தெளிவாகவே தெரியும். சர்வே எண் 168, 188 ஆனால் நிலமே வேறு!

சரி, 150-க்கு வந்தேன். மொத்தம் 3 எம்பி. பெரும்பாலான பக்கங்களைத் தாராளமாகப் படிக்க முடிந்தது. ஆனால் சர்வே எண்ணும் நான்கெல்லையும் இருக்கும் சொத்து விவரப் பக்கங்களிலும், சாட்சிகள் கையெழுத்திட்ட கடைசிப் பக்கத்திலும் பொடி எழுத்து. கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே அளவு எதற்கு? அந்த மூன்று பக்கங்களை மட்டும் 600 டிபிஐ மூலக் கோப்பிலிருந்து 300-க்குக் குறைத்து எடுத்தேன். மற்றவை 150-இலேயே இருக்கட்டும் என்று விட்டு, பக்கங்களை அடுக்க உதவும் பிடிஎஃப் அரேஞ்சர் மென்பொருளில் வரிசைப்படி கோத்தேன். இப்படிக் கோக்கும்போது படங்கள் மறுபடி சுருங்குவதில்லை. 4.6 எம்பி வந்தது.

கலரை எடுத்து சாம்பல் நிறமாக்கியும் பார்த்தேன். பெரிய லாபமில்லை. ஜேபெக் நிறத் தகவலை ஏற்கெனவே நன்றாகக் குறைத்துத்தான் வைக்கிறது. அப்புறம், ஊதா சீல் ஊதாவாகத் தெரிந்தால் வங்கி வக்கீலுக்கும் வசதி.

வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு வில்லங்கச் சான்று கேட்டார். அது இணையத்திலிருந்து இறக்கியது, படமாக இல்லாமல் எழுத்துகளாகவே வந்த பிடிஎஃப். கடையில் அதையும் பிரின்ட் எடுத்து ஸ்கேன் செய்வதுதான் வழக்கமாம். இறக்கிய கோப்பை அப்படியே ஏற்றினேன், சில நூறு கேபிதான்.