ஸ்மால்ஹைத்தில் எலன் டெர்ரியின் வீடு

கென்ட் பக்கம் போகிறவர்கள் கேன்டர்பரி தேவாலயத்தையும் டோவரின் வெள்ளைப் பாறைகளையும் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் போனது ஸ்மால்ஹைத்துக்கு, நடிகை எலன் டெர்ரி மேடையில் போட்ட ஒரு பச்சை உடையைப் பார்க்க. சேரிங் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் ஹெட்கார்ன். அங்கிருந்து பஸ்ஸில் டென்டர்டன். அதற்குத் தெற்கே இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடக்க வேண்டும். சாலை குறுகலானது, நடைபாதை இல்லாத இடங்களும் உண்டு. கார் வந்தால் வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். வழியில் ஒரு பெரிய திராட்சைத் தோட்டம், அப்புறம் ஆடுகள், அப்புறம் இன்னும் ஆடுகள்.

இந்த ஊர் ஒரு காலத்தில் துறைமுகம் என்றால் நம்ப முடியாது. ரோதர் ஆறு அன்று இதுவரை அகலமாக வந்திருக்கிறது. ஐந்தாம் ஹென்றி மன்னருக்காக 1000 டன் கப்பலை இங்கேதான் கட்டினார்கள். பிறகு ஆறு மண்மூடித் தள்ளிப் போய்விட்டது. 1514இல் ஊரே தீப்பிடித்து எரிந்தது. அதற்குப் பிறகு மரச்சட்டமும் சாந்தும் வைத்துக் கட்டிய வீட்டைத்தான் 1899இல் எலன் டெர்ரி விலைக்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 52. இங்கிலாந்து மேடையில் அவருக்கு நிகரான நடிகை அன்று இல்லை என்பார்கள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைக் குனியச் சொன்னார் அங்கிருந்த தன்னார்வலர் பெரியவர். உத்தரம் அவ்வளவு தாழ்வு. தரையோ ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. சுவரெல்லாம் படங்கள், நாடக விளம்பரத் தாள்கள், கடிதங்கள், யார் யாரோ கொடுத்த பரிசுகள். எல்லாவற்றையும் நின்று பார்த்தால் ஒரு நாள் போதாது. நான் பாதியைத் தாண்டித்தான் வந்தேன்.

எலன் பிறந்தது 1847இல், கோவென்ட்ரியில். அப்பா அம்மா இருவரும் ஊர் ஊராகப் போய் நடித்தவர்கள். பள்ளிக்கூடம் என்று சொல்லும்படி எதுவும் இல்லை. ஒன்பது வயதில் லண்டனில் சார்லஸ் கீன் குழுவில், ஷேக்ஸ்பியர் நாடகம் ஒன்றில் சின்ன இளவரசனாக மேடையேறினார். விக்டோரியா ராணி பார்க்க வந்திருந்த அந்த முதல் இரவில் பொம்மை வண்டியை இழுத்துக்கொண்டு ஓடித் தடுக்கி விழுந்தார். அதே ஆண்டு இன்னொரு நாடகத்தில் மேடைத்தரையில் இருக்கும் கதவு மூடி, கால் விரல் சிக்கி எலும்பு உடைந்தது. முதலாளியின் மனைவி பக்கத்தில் வந்து, நாடகத்தை முடித்துக் கொடுத்தால் சம்பளத்தை இரட்டிப்பாக்குகிறேன் என்றாராம். பிள்ளை வலியோடு நடித்து முடித்தது. வாரம் 15 ஷில்லிங் 30 ஆனது. இதைத் தன் வாழ்க்கைக் குறிப்பில் எலன் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினேழு வயது நிரம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஓவியர் ஜி. எஃப். வாட்ஸ் அவரைத் திருமணம் செய்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 46. வரைவதற்கு அழகான முகம் வேண்டும், மனைவியாக ஒரு துடுக்குப் பெண் வேண்டாம் என்று வாட்ஸ் நினைத்திருப்பார் போல. பத்து மாதத்தில் பிரித்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அவர் வரைந்த படம், பூவை முகர்ந்து பார்க்கும் இளம் எலன், லண்டனின் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் இருக்கிறது. அழகான படம்தான். ஆனால் அதைப் பார்க்கும் எவருக்கும் இந்தப் பெண் ஒன்பது வயதிலிருந்து சம்பாதித்தவள் என்று தோன்றாது.

பிறகு கட்டடக் கலைஞர் எட்வர்ட் காட்வினோடு போய் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கிராமத்தில் குடும்பம் நடத்தினார். தாலி கட்டாத வாழ்க்கை, இரண்டு குழந்தைகள், மேடையை விட்டே ஆறு வருடம். காட்வினுக்குக் கையில் காசு தங்காது. கடன்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் கிராமத்துச் சாலையில் எலனின் வண்டிச் சக்கரம் கழன்று நின்றபோது, வேட்டைக்கு வந்த கூட்டத்திலிருந்து ஒருவர் வேலியைத் தாண்டிக் குதித்தார். அவர் நாடக ஆசிரியர் சார்லஸ் ரீட். மேடைக்கு வா என்று அவர் கூப்பிட, வாரம் 40 பவுன் கிடைத்தால் வருகிறேன் என்று எலன் பேச்சுவாக்கில் சொல்ல, சரி என்றுவிட்டார் ரீட். 1874இல் எலன் திரும்பி வந்தது இப்படித்தான்.

1878இல் நடிகர் ஹென்றி இர்விங் லண்டனின் லைசியம் நாடக அரங்கை எடுத்து நடத்தத் தொடங்கியபோது எலனைத் தன் நாயகியாகச் சேர்த்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஜோடி நீடித்தது. அமெரிக்காவுக்கும் குழுவோடு பலமுறை போய் வந்தார்கள்.

இப்போது அந்தப் பச்சை உடைக்கு வருகிறேன். நான் இவ்வளவு தூரம் வந்ததே அதற்காகத்தான்.

1888 டிசம்பரில் இர்விங் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தைப் போட்டார். மன்னரைக் கொல்லக் கணவனைத் தூண்டும் லேடி மெக்பெத்தாக எலன். இரும்புக் கவசம் போலவும் பாம்புத் தோல் போலவும் தெரிய வேண்டும் என்று ஆலிஸ் காமின்ஸ் கார் என்பவர் வடிவமைத்தார். பச்சை நூலும் நீலச் சரிகையும் சேர்த்துப் பின்னிய நீண்ட அங்கி. அதன் மேல் ஏறத்தாழ ஆயிரம் பொன்வண்டுச் சிறகுகளைத் தைத்திருக்கிறார்கள். ஆமாம், நம் பொன்வண்டுதான். பள்ளிக்கூட நாட்களில் தீப்பெட்டிக்குள் தழை போட்டு வளர்த்தோமே, அதே மின்னும் பச்சை. 19ஆம் நூற்றாண்டில் மதராஸிலும் ஹைதராபாத்திலும் மஸ்லின் துணியில் இந்தச் சிறகுகளை வைத்துத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். லண்டன் சீமாட்டிகளின் விருந்து உடைகளில் அது அப்போது நாகரிகம்.

நான் போனபோது உடை கண்ணாடிக்குள் இருந்தது. வெளிச்சத்தை மங்கலாக வைத்திருக்கிறார்கள். ஒரு அடி நகர்ந்தால் பச்சை நீலமாகிறது, இன்னும் நகர்ந்தால் ஏதோ ஊதா. எரிவாயு விளக்கு வெளிச்சத்தில், ஒரு உயரமான பெண் அதைப் போட்டுக்கொண்டு நடந்து வந்தால் எப்படி இருந்திருக்கும்! அந்த நாடகம் சுமார் 150 முறை நடந்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராகவும் போனது. அதனால் உடை முழுக்க ஒட்டும் தையலுமாகிவிட்டது. 2011இல் செப்பனிட்டு முடித்தார்கள். அதற்கு 1,300 மணி நேரம் வேலை பிடித்ததாம்.

இந்த உடையில் எலனை ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்த புகழ்பெற்ற ஓவியம் டேட் பிரிட்டனில் இருக்கிறது. இரண்டு கைகளாலும் கிரீடத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நிற்பார். கண்ணில் வெறி. பார்த்தால் மறக்காது. ஆனால் அப்படி ஒரு காட்சி நாடகத்தில் இல்லவே இல்லை, அது சார்ஜென்ட் கற்பனை. எலன் அந்தப் பாத்திரத்தை வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தார். பேயாக அல்ல, கணவன் மேல் உயிரை வைத்திருந்த பெண்ணாக. அவருடைய நாடகப் பிரதிகளின் ஓரங்களில் தனக்குத் தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் நிறைய உண்டு. அந்தப் பிரதிகள் இந்த வீட்டு நூலகத்தில்தான் இருக்கின்றன. ஓவியத்தைவிட இந்த உடை எனக்குப் பிடித்துப் போனதற்குக் காரணம் அதுதான். ஓவியத்தில் இருப்பது ஒருவர் கண்ட எலன். உடையில் இருப்பது ராத்திரி ராத்திரியாக வேலைக்குப் போய் வந்த எலன்.

மாடிக்குப் போகும் படி செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்து ஏறவும். மேலே படுக்கையறையைக் கிட்டத்தட்ட அவர் விட்டுப்போனபடியே வைத்திருக்கிறார்கள். பெரிய நடிகையின் அறை என்று நினைத்து வருகிறவர்கள் ஏமாறுவார்கள். எளிமையான கட்டில், சாதாரண நாற்காலிகள்.

கடைசிக் காலத்தில் பணம் தாராளமாக இருந்ததில்லை. 1903இல் சொந்தமாக ஒரு அரங்கை எடுத்து, மகன் எட்வர்ட் கோர்டன் கிரெய்க் இயக்கிய நாடகத்தைப் போட்டு நஷ்டப்பட்டார். மேடை அமைப்பில் உலகம் முழுக்கப் பேர் வாங்கிய மகன்தான், ஆனால் அம்மா காசு போனது போனதுதான். 1906இல் மேடையேறி ஐம்பது ஆண்டு ஆனதற்கு ட்ரூரி லேன் அரங்கில் பெரிய விழா எடுத்தார்கள். கரூஸோ பாடினார், இத்தாலியிலிருந்து நடிகை எலியனோரா டூஸே வந்தார். பெரிய தொகை திரட்டிக் கொடுத்தார்கள். மறு ஆண்டே தன்னைவிடச் சுமார் முப்பது வயது இளைய அமெரிக்க நடிகர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊர் என்ன பேசியிருக்கும்! அதுவும் நிலைக்கவில்லை. பிறகு ஷேக்ஸ்பியரின் பெண்களைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றிக்கொண்டு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் சுற்றினார்.

1916இலிருந்து சில சினிமாவிலும் நடித்தார். எல்லாம் மௌனப் படங்கள். அவருடைய குரலைப் பற்றி பெர்னார்ட் ஷா முதல் எத்தனையோ பேர் உருகியிருக்கிறார்கள். அந்தக் குரல் இல்லாமல் வயதான முகம் மட்டும் திரையில் வந்தது. இதைவிட அநியாயம் உண்டா?

1925இல் ஆண்களின் சர் பட்டத்துக்கு இணையான டேம் பட்டம் கிடைத்தது. 1928 ஜூலை 21இல் இதே வீட்டில், 81 வயதில் இறந்தார். துக்கம் காட்டக் கூடாது என்று எழுதி வைத்திருந்ததால் வந்தவர்கள் கறுப்பு உடுத்தவில்லை. பக்கத்திலிருக்கும் செங்கல் தேவாலயத்தில்தான் இறுதி வழிபாடு. அதுவும் தீக்குப் பிறகு கட்டியது. வீட்டிலிருந்து சில நிமிட நடைதான், கதவு திறந்திருந்தால் உள்ளே போய்ப் பாருங்கள்.

இந்த வீடு இன்று இருப்பதற்கு மகள் ஈடித் கிரெய்க்தான் காரணம். அம்மா இறந்த மறு வருடமே வீட்டை நினைவகமாக்கி, தோட்டத்தில் இருந்த பழைய தானியக் கொட்டகையை நாடக அரங்காக மாற்றினார். ஆண்டுதோறும் எலனின் நினைவு நாளை ஒட்டி லண்டன் நடிகர்களை வரவழைத்து நாடகம் போட்டார். பிறகு எல்லாவற்றையும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார். கொட்டகையில் இன்றும் நாடகம் நடக்கிறது. கூரை ஓலை வேய்ந்தது, உள்ளே மரப் பலகை வாசனை. கோடையில் போனால் ஏதாவது நாடகம் இருக்கிறதா என்று முன்பே பார்த்து டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். வீடும் எல்லா நாளும் திறந்திருக்காது.

லண்டன் திரும்பியதும் கோவென்ட் கார்டன் போங்கள். அங்கே நடிகர்களின் தேவாலயம் என்று பெயர் வாங்கிய செயின்ட் பால் தேவாலயத்தின் சுவரில் ஒரு வெள்ளிப் பேழையில் எலனின் அஸ்தி இருக்கிறது. அங்கிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் லைசியம் அரங்கம். முன்பக்கத் தூண்கள் மட்டும்தான் இர்விங் காலத்தவை, உள்ளே எல்லாம் 1904இல் புதிதாகக் கட்டியது. 1999இலிருந்து அங்கே ‘தி லயன் கிங்’ இசை நாடகம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு நான் வெளியிலேயே நின்று தூண்களைப் படம் எடுத்துக்கொண்டு வந்தேன்.