தோப்புக் கேமராவும் ஜிஸ்ட்ரீமர் த்ரெட்களும்

மேக்கரையில் மாமாவின் தென்னந்தோப்பு மலையடிவாரத்தை ஒட்டியே இருக்கிறது. அடவிநயினார் அணையைத் தாண்டினால் காடு, முகட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம். ராத்திரி யானை இறங்கினால் இளந்தென்னைகள் தப்பாது. அதனால் மோட்டார் ரூமில் ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒரு சின்னக் கணினி, இருட்டிலும் தெரிகிற ஒரு கேமரா, அங்கிருந்து வடகரை வீட்டுக்கு ஆன்டெனா வைத்து ஒரு வைஃபை இணைப்பு என்று போட்டிருக்கிறோம். வீடியோ வேலை முழுக்க ஜிஸ்ட்ரீமர் என்னும் மென்பொருளில், நிரல் பைத்தானில். எலிமென்ட் எனும் சின்னத் துண்டுகளைக் கோத்து பைப்லைன் கட்டுவதுதான் அதன் வழி.

ஒரே கேமராப் படம் மூன்று வேலைக்குப் போகவேண்டும். ஒன்று, மெமரி கார்டில் பதிவு. இரண்டு, வீட்டுத் திரையில் நேரலை. மூன்று, படத்தில் அசைவு இருக்கிறதா என்று பார்த்து மணி அடிப்பது. ஜிஸ்ட்ரீமரில் இப்படிப் பிரிக்க டீ என்றொரு எலிமென்ட் உண்டு. அதற்குப் பின்னால் மூன்று கிளைகளை மாட்டினால் பைப்லைன் தயார். ஆனால் எந்தக் கிளை எந்த த்ரெட்டில் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை இழை) ஓடுகிறது என்று தெரியாமல் மாட்டினால் ஒரு கிளையின் சிக்கல் மற்ற இரண்டையும் பிடித்து நிறுத்திவிடும். இந்தச் சீசனில் நான் அதிகம் மெனக்கெட்டது இதில்தான்.

அடிப்படை இதுதான். பைப்லைன் ரெடி நிலையிலிருந்து பாஸ்டு நிலைக்குப் போகும்போது கேமரா எலிமென்ட் தன் பேடில் (அடுத்த எலிமென்ட்டோடு சேரும் முனை) ஒரு த்ரெட்டைத் தொடங்குகிறது. அந்த த்ரெட் ஒரு ஃப்ரேமை எடுத்து அடுத்த எலிமென்ட்டில் ஃப்ரேமை வாங்கிக்கொள்ளும் செயின் ஃபங்ஷனைக் கூப்பிடும், அது அதற்கடுத்ததைக் கூப்பிடும். இப்படிக் கிளை முடிகிற எலிமென்ட்டான சிங்க் வரை எல்லாமே ஒரே த்ரெட்டில் ஒரே கால் ஸ்டாக்கில் (ஒன்றையொன்று கூப்பிட்ட ஃபங்ஷன்களின் அடுக்கு) நடக்கும். டீயும் இதற்கு விலக்கல்ல. முதல் கிளைக்குக் கொடுத்து, அது முடிந்து திரும்பி வந்தபிறகுதான் இரண்டாவது கிளைக்குக் கொடுக்கும்.

இதைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று, கேமராவுக்குப் பதில் பழைய பதிவுக் கோப்பு ஒன்றைக் கொடுத்து, இடையில் க்யூ (ஃப்ரேம்களைச் சேர்த்து வைக்கும் எலிமென்ட்) எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். பைப்லைன் பாஸ்டு நிலைக்குப் போகமுடியாமல் அப்படியே நின்றுவிட்டது. முதல் சிங்க் தன் முதல் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறது. இரண்டாவது சிங்க்குக்கு ஃப்ரேம் போகவேண்டுமானால் அதே த்ரெட் அங்கிருந்து திரும்பி வரவேண்டும். திரும்பி வர வழியில்லை. ஜிடிபி என்ற பிழைதேடும் கருவியில் எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கையும் எடுத்துப் பார்த்தபோது டீயும் முதல் சிங்க்கும் ஒரே அடுக்கில் மேலும் கீழுமாக இருந்தன. கேமரா போன்ற நேரலை மூலத்தில் இந்த ப்ரீரோல் காத்திருப்பு கிடையாது, அதனால் பைப்லைன் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் புளியரைக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடித்து வைஃபை திணறுகிற நேரத்தில், நேரலையை டிசிபி என்ற நெட்வொர்க் முறையில் அனுப்பும் சிங்க் சாக்கெட்டில் எழுதமுடியாமல் நிற்கும். அதோடு பதிவும் நிற்கும். யானை வருகிற நேரம் அதுவாக இருந்தால் எல்லாம் வீண்.

க்யூ எலிமென்ட் இருக்கும் இடத்தில்தான் த்ரெட் மாறுகிறது. அதன் வெளி பேடில் தனி த்ரெட் ஒன்று தொடங்கும். கிணற்று மோட்டாருக்கும் சொட்டுநீர்க் குழாய்க்கும் நடுவில் தொட்டி கட்டுவது மாதிரி, இந்தப் பக்கம் நிரப்புபவர் வேறு, அந்தப் பக்கம் எடுப்பவர் வேறு. டீக்குப் பின் ஒவ்வொரு கிளையின் தலையிலும் ஒரு க்யூ போட்டாயிற்று. பெரும்பாலான விளக்கங்கள் இத்தோடு முடிந்துவிடுகின்றன. எனக்கு வேலை தொடங்கியதே இதற்குப் பிறகுதான், ஏனென்றால் தொட்டி நிறைந்தால் என்ன செய்வது என்பது கிளைக்குக் கிளை வேறு.

சும்மா போட்டால் ஒரு க்யூ 200 பஃபர் (இங்கே ஒரு பஃபர் ஒரு ஃப்ரேம்), 10 எம்பி, 1 விநாடி, இந்த மூன்றில் எது முதலில் வருகிறதோ அங்கே நிறைந்ததாகக் கணக்கு. நிறைந்தால் முன்னால் இருக்கும் த்ரெட்டை நிறுத்தி வைக்கும். எங்கள் கேமரா 1280க்கு 720, விநாடிக்கு 25 ஃப்ரேம். சுருக்காத ஒரு ஃப்ரேம் ஏறக்குறைய 1.38 எம்பி. ஆக எட்டு ஃப்ரேமிலேயே 10 எம்பி தாண்டிவிடும், அதாவது மூன்றில் ஒரு பங்கு விநாடி. 1 விநாடி வரை தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது. படத்தைச் சுருக்கும் என்கோடருக்குப் பின்னால் கதை தலைகீழ். விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் 10 எம்பி நிறைய 20 விநாடி ஆகும், அங்கே 1 விநாடி வரம்புதான் முதலில் முட்டும். மெமரி கார்டு எழுதும்போது அவ்வப்போது தயங்கும், அதற்கு ஒரு விநாடி போதாது. அதனால் பதிவுக் கிளையில் என்கோடருக்கு அடுத்து இன்னொரு க்யூ வைத்து, பஃபர் வரம்பும் பைட் வரம்பும் 0 (அதாவது வரம்பில்லை), நேர வரம்பு 10 விநாடி என்று கொடுத்தேன். இதற்கு ஆகும் நினைவகம் 5 எம்பிதான். இந்தக் கிளையில் ஒரு ஃப்ரேமும் விடக்கூடாது, எனவே லீக்கி (நிறைந்தால் ஃப்ரேமை விட்டுவிடும் அமைப்பு) கிடையாது.

நேரலைக்கு நேர்மாறாக யோசிக்கவேண்டும். வைஃபை அறுந்து திரும்ப வந்ததும் தேங்கியிருந்த பழைய படங்களே வரிசையாக வந்ததைப் பார்த்து மாமா சொன்னார்: "மருமவனே, ஆனை வந்துட்டுப் போன பொறவு படம் காட்டி என்னத்துக்கு? இப்ப நிக்கிதா இல்லையா, அதச் சொல்லு." அவர் சொன்னதுதான் சரி. இந்தக் கிளையின் க்யூவுக்கு இரண்டே பஃபர், லீக்கியை டவுன்ஸ்ட்ரீம் என்று வைத்தேன். நிறைந்தால் பழைய ஃப்ரேமைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றுக்கொள்ளும். அப்ஸ்ட்ரீம் என்று வைத்தால் புதியதை வீசிவிட்டுப் பழையதை வைத்துக்கொள்ளும், நமக்கு அது ஆகாது.

இந்த லீக்கி க்யூவை என்கோடருக்கு முன்னால் வைப்பதே நல்லது. எச்264 வடிவில் சுருக்கியபின் நடுவில் ஃப்ரேமைத் தள்ளினால் அடுத்த கீ ஃப்ரேம் (தன்னளவில் முழுப்படமான ஃப்ரேம்) வரை படம் கட்டம் கட்டமாகச் சிதையும். நான் நேரலைக்குப் படத்தைச் சின்னதாக்கி ஜேபெக் ஆகவே அனுப்புகிறேன். ஒவ்வொரு ஃப்ரேமும் தன்னளவில் முழுசு, எது விட்டுப்போனாலும் கவலையில்லை.

அசைவு பார்க்கும் கிளை, ஃப்ரேமை நம் நிரலிடம் கொடுக்கும் ஆப்சிங்க்கில் முடிகிறது. புது ஃப்ரேம் வந்தது என்கிற சிக்னல் ஸ்ட்ரீமிங் த்ரெட்டிலேயே கூப்பிடப்படும், நிரலின் முதன்மைச் சுற்றான மெயின் லூப்பில் அல்ல. நம் பைத்தான் ஃபங்ஷன் மெதுவாக ஓடினால் அந்தக் கிளையின் த்ரெட்தான் மெதுவாகும். இதன் தலையிலும் லீக்கி க்யூ இருப்பதால் மற்ற கிளைகள் தப்பும். ஆனால் அந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்து பைப்லைனை நிறுத்த முயலக்கூடாது. வேண்டுமென்றே ஒருமுறை செய்து பார்த்தேன். த்ரெட் தன்னைத்தானே முடியக் காத்திருந்தால் டெட்லாக் (நகரமுடியாத முடக்கம்) ஆகும் என்று ஜிஸ்ட்ரீமரே எச்சரிக்கை எழுதுகிறது. பஸ்ஸில் (பைப்லைன் நம் நிரலுக்குச் செய்தி அனுப்பும் தடம்) ஒரு மெசேஜ் போட்டு, மெயின் லூப்பில் அதை எடுத்து நிறுத்துவதே முறை. மணி அடிக்கிற வேலையையும் அப்படியே மெயின் லூப்புக்கு மாற்றிவிட்டேன்.

எந்த த்ரெட் எவ்வளவு சிபியு தின்கிறது என்று பார்க்க டாப் கட்டளையை த்ரெட் வாரியாக ஓட்டினால் போதும். ஜிஸ்ட்ரீமர் ஒவ்வொரு த்ரெட்டுக்கும் எலிமென்ட் பெயரையும் பேட் பெயரையும் சேர்த்தே பெயர் வைக்கிறது. லினக்ஸில் 15 எழுத்துக்கு மேல் வெட்டுப்படும் என்பதால் க்யூக்களுக்குச் சின்னப் பெயர்களாக வைத்துக்கொண்டேன். பெயர் வைக்காமல் விட்டால் க்யூ0, க்யூ1 என்று வரும், எது எந்தக் கிளை என்று தேடவேண்டும்.

வீட்டுப் பக்க ஆன்டெனாவின் ஒயரைப் பிடுங்கிச் சோதித்தோம். நேரலை உறைந்தது, பதிவு ஒரு ஃப்ரேமும் விடாமல் ஓடியது, அசைவு மணியும் தோப்பில் அடித்தது. ஒயரை மாட்டியதும் சாக்கெட்டில் தேங்கியிருந்த கொஞ்சம் வந்து முடிந்து, திரை நடப்பு நேரத்துக்கு வந்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி. நிறுத்தும்போது இஓஎஸ் (ஓட்டம் முடிந்தது என்ற சைகை) அனுப்பி, எல்லா சிங்க்கும் முடித்ததாக பஸ்ஸில் செய்தி வரக் காத்திருக்கிறேன். வைஃபை செத்திருந்தால் நேரலை சிங்க் அடைத்துக்கொண்டு நிற்கும், அந்தச் செய்தி வரவே வராது. இப்போதைக்கு ஐந்து விநாடி பார்த்துவிட்டு நிறுத்துகிறேன். காற்றுக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லமுடியாது என்பதால் கோப்பு வடிவத்தையும் எம்பி4-லிருந்து மட்ரோஸ்காவுக்கு மாற்றியாயிற்று, பாதியில் அறுந்தாலும் அதுவரை உள்ளது ஓடும். அடுத்து நேரலைக் கிளையை மட்டும் பேட் ப்ரோப் (பேடில் ஃப்ரேமை இடைமறிக்கும் வழி) போட்டுக் கழற்றி மாட்டப் பார்க்கவேண்டும். இணையத்தில் இதற்குக் கிடைக்கும் உதாரணங்களில் பல ஜிஸ்ட்ரீமர் 0.10 பதிப்பின் காலத்தவை. 2012-ல் 1.0 வந்தபோது பேடை ப்ளாக் செய்யும் முறையே மாறிவிட்டது, அதனால் கையேட்டின் புதுப் பதிப்பை வைத்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.