யார் பக்கத்திலிருந்து வந்தது?

குரோமோசோம் ஆய்வகத்தில் சேர்ந்து 16 வருடம் ஆகிறது. செல்லுக்குள் மரபுப்பொருளைச் சுமக்கும் பொதிகள்தான் குரோமோசோம்கள். வந்த ரத்தத்தில் சில சொட்டுகளை ஊட்டக் கரைசலில் விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் 72 மணி நேரம் வைப்போம். ரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே தாமாக இரண்டாகப் பிரியாது. ராஜ்மாவிலிருந்து எடுக்கும் ஒரு புரதத்தைச் சேர்த்துத் தூண்ட வேண்டும். மூன்றாம் நாள் கோல்ச்சிசின். பிரியும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கிற இழைகளை அது உருவாகவிடாது, செல் நடுவழியில் நின்றுவிடும். குரோமோசோம்கள் நன்றாகச் சுருண்டு பார்வைக்குக் கிடைக்கிற நேரம் அதுதான். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, நம் செங்காந்தள், அதிலும் இதே கோல்ச்சிசின் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் பூவைப் பார்த்தால் வேலைதான் நினைவுக்கு வருகிறது.

அப்புறம் உப்புச் செறிவு குறைந்த கரைசலில் செல்களை ஊதிப் பெருக்கவைத்து, ஸ்லைடில் சொட்டுவோம். குரோமோசோம்கள் விலகி விழும். மனிதனுக்கு 48 என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். இப்படி விலக்கிப் பார்க்கும் வழி வந்த பிறகுதான், 1956-ல் ஸ்வீடனிலிருந்து ஜோ ஹின் சியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று எழுதினார்கள். நான் ஒரு ரிப்போர்ட்டுக்குக் குறைந்தது 20 செல்களாவது எண்ணுவேன்.

எண்ணுவது பழகிவிடும். ரிப்போர்ட் வாங்க வருகிறவர்களின் கேள்விதான் பழகவே இல்லை. பிறவியிலேயே வளர்ச்சியைத் தாமதிக்கும் டவுன் சிண்ட்ரோம் என்று தெரிந்ததும் குழந்தையின் பாட்டியோ அத்தையோ கேட்பார்கள்: "இது யார் பக்கத்துல இருந்து வந்தது?" கேட்கும்போதே கண் குழந்தையின் அம்மா மேல் இருக்கும்.

பெரும்பாலும் இதற்கு யார் பக்கமும் கிடையாது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு 21-ஆம் குரோமோசோம் ஒரு ஜோடிக்குப் பதில் தனித்தனியாக மூன்று இருக்கும், மொத்தம் 47. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒரு ஜோடி பிரியாமல் சேர்ந்தே போய்விடுவதால் வருவது. அனேகமாக முட்டையில்தான் நடக்கிறது. காரணம் இருக்கிறது. ஒரு பெண் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே அவளுடைய முட்டைகள் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிடும். 20, 30, 40 வருடம் கழித்து, முட்டை வெளிவரும் மாதத்தில்தான் அந்தப் பிரிதல் தொடரும். அத்தனை வருடம் ஜோடியைப் பிடித்துவைத்திருக்கும் பிணைப்பு தளர்ந்துபோவதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்? கிரகணத்தில் வெளியே போனதோ பப்பாளி சாப்பிட்டதோ அங்கே எட்டவே எட்டாது. இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயார்.

ஆனால் ஒருமுறை ஸ்லைடு வேறு மாதிரி இருந்தது. குழந்தைக்கு எண்ணிக்கை 46 சரியாக வந்தது. மூன்றாவது 21 தனியாக இல்லாமல் ஒரு 14-ஆம் குரோமோசோமின் தலையில் ஒட்டியிருந்தது. இந்த வகையில் பெற்றோரையும் பார்த்தாக வேண்டும். அம்மாவுக்கு 46, எல்லாம் சாதாரணம். அப்பாவுக்கு 45. அவருடைய ஒரு 14-உம் ஒரு 21-உம் ஒட்டியே இருந்தன. மரபுப்பொருள் எதுவும் முக்கியமாகக் குறையாததால் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு வருடமாக அந்த அம்மா வீட்டில் பேச்சு வாங்கியிருந்தார். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் எனக்குள் முதலில் வந்தது ஒரு திருப்தி. உடனே வெட்கமாகிவிட்டது. பழியை ஒரு தோளிலிருந்து எடுத்து இன்னொரு தோளில் வைக்கவா இந்த வேலை? ஒட்டிய குரோமோசோமை அந்த அப்பா கேட்டு வாங்கவில்லை. அவருக்கும் அது தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம், அவரிடமே புதிதாகவும் தோன்றியிருக்கலாம்.

அடுத்த குழந்தை பற்றி டாக்டர் விளக்கினார்: அப்பாவிடம் இந்த ஒட்டல் இருந்தால் மறுபடி டவுன் சிண்ட்ரோம் வரும் வாய்ப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான், கர்ப்பத்திலேயே பரிசோதித்துப் பார்க்கலாம் என்று. அந்த அப்பாவின் பெற்றோரையும் ரத்தம் கொடுக்கச் சொன்னோம். அவர்கள் வரவில்லை.

அந்த அப்பா மட்டும் இன்னொரு நாள் தனியாக வந்தார். "எங்க சார் ஒட்டியிருக்கு?" என்றார். அவருடைய படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போனை எடுத்து, "இதை எடுத்துக்கலாமா? என் வீட்டம்மாகிட்ட நானே காட்டணும்" என்றார்.