கிழவன் ஃபிரெடெரிக் பஸ்ட்: நீலக் கோட்டு ஒருவழியா செட் ஆயிடுச்சு

பிரஷ்யா ராஜா இரண்டாம் ஃபிரெடெரிக், 1/10 ஸ்கேல் ரெசின் பஸ்ட், அதாவது நாமளே பெயின்ட் அடிக்கிற தலை-மார்பு அளவு பொம்மை. கோட்டு முடிஞ்சுது, நேத்து நைட் மேட் வார்னிஷும் அடிச்சாச்சு. ரொம்ப சந்தோஷமா இருக்கு, ஏன்னா இந்தக் கோட்டுக்காகத்தான் இந்தக் கிட்டையே வாங்கினேன்.

பாக்ஸ் ஆர்ட்ல கோட்டு அப்பதான் தச்ச மாதிரி பளபளன்னு இருக்கு. அது தப்பு. 1781ல அன்டன் கிராஃப் வரைஞ்ச முகத்தைப் பாத்துதான் இந்த பஸ்ட்டைச் செதுக்கியிருக்காங்க, அந்த வயசுல மனுஷன் பழைய யூனிஃபார்மையே திரும்பத் திரும்பப் போட்டுக்கிட்டு, மார்பு பூரா மூக்குப்பொடி கொட்டிக்கிட்டு இருந்தவரு. சின்ன வயசுல புல்லாங்குழல், பிரெஞ்சு புக்குனு திரிஞ்ச பையன், அப்பா அடி தாங்காம 1730ல 18 வயசுல ஓடப் பாத்து மாட்டினான், கூட நின்ன ஃப்ரெண்ட் காட்டேவோட தலையை கூஸ்ட்ரின் கோட்டையில வெட்டினாங்க. அப்படிப்பட்டவன் 1740ல ராஜா ஆகி, அதே வருஷக் கடைசியில சைலீசியா மேல படையெடுத்து, 1786ல சாகுற வரைக்கும் சோல்ஜர் கோட்டுலயே வாழ்ந்தான்னா அந்தக் கோட்டு நைஞ்சுதான் இருக்கணும்.

இப்ப கலர். பிரஷ்யன் ப்ளூ அவங்க ஊர் பெர்லின்லயே 1700கள் ஆரம்பத்துல பிறந்த பிக்மென்ட்தான், ஆனா டப்பாவுல இருக்குறதை அப்படியே அடிச்சா பிளாஸ்டிக் மாதிரி கத்தும். பேஸுக்கு அதோட கருப்பும் துளி பிரவுனும். ஹைலைட்டுக்கு வெள்ளை சேக்கவே சேக்காதீங்க, வானநீலமா வெளுத்துப் போயிடும். ஸ்கின் டோன் கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஏத்துங்க, பழைய கம்பளித் துணியோட சாம்பல் பூத்த நீலம் தானா வரும். மடிப்பு விளிம்புல ஸ்பாஞ்சால ஒத்தி ஒத்தி நூல் தேஞ்ச மாதிரி காட்டினேன். மூக்குப்பொடிக் கறைக்கு பர்ன்ட் அம்பர்ங்கிற அடர் பிரவுனை ரொம்பத் தண்ணியாக் கரைச்சு, பட்டன் வரிசையை ஒட்டி மட்டும் கிளேஸ் (அடிக் கலர் தெரியுற மெல்லிசுப் பூச்சு) மேல கிளேஸ், நடுவுல நல்லாக் காயவிட்டு. இந்த வெயில்ல பேலட்லயே பெயின்ட் இழுத்துக்குது, ரிடார்டர் (பெயின்ட் சீக்கிரம் காயாம இருக்கச் சேக்குறது) ரெண்டு சொட்டு இல்லாம இந்த ஸ்டெப்பைத் தொடாதீங்க.

மார்புல இருக்குற பிளாக் ஈகிள் ஸ்டாரை (பிரஷ்யாவோட பெரிய விருதோட நட்சத்திரம்) மெட்டாலிக் பெயின்ட் போட்டுக் கெடுக்காதீங்க. அது உலோகப் பதக்கம் இல்ல, கோட்டுலயே வெள்ளி நூல்ல தச்சது. சாம்பல், வெள்ளை ரெண்டையும் வச்சு கோடு கோடா இழுத்தாத்தான் எம்பிராய்டரி மாதிரி தெரியும். நடு வட்டம் ஆரஞ்சு, அதுல கருப்புக் கழுகு. ட்ரிபிள் ஜீரோ பிரஷ்ல முனை பிரியுது, ஆன்லைன்ல வாங்குனது எல்லாமே இப்படித்தான் வருது. நல்ல கொலின்ஸ்கி முடி பிரஷ் சைஸ் 1 ஒண்ணு இருந்தாப் போதும், முனை நல்லா இருந்தா அதுலயே கழுகு வரைஞ்சிடலாம்.

முகம் பாதியில நிக்குது, அந்தப் பெரிய நீலக் கண்ணு ரெண்டையும் இன்னும் தொடல. அதுக்குள்ள மனசு குனர்ஸ்டார்ஃபுக்குப் போயிடுச்சு. 1759 ஆகஸ்ட் 12, ரஷ்ய-ஆஸ்திரியப் படைகிட்ட செம அடி வாங்குன அன்னிக்கு, பாக்கெட்ல இருந்த பொடி டப்பாதான் குண்டைத் தடுத்துச்சுன்னு சொல்றாங்க, அந்த டப்பா ஹோகன்சாலர்ன் கோட்டையில இன்னும் இருக்கு. அந்த சீனை 75 எம்எம் உயர பொம்மையில பண்ணணும். அதுக்கு முன்னாடி கிழவனோட செல்லக் குதிரை கோண்டே, வெள்ளையில பொடிப் புள்ளி விழுந்தது. குதிரைக்கு அந்தப் புள்ளியை ஸ்ப்ளாட்டர்ல தெறிக்க விடுறீங்களா, இல்ல கையாலயே வைக்கிறீங்களா? பண்ணவங்க சொல்லுங்க, ப்ரைமர் அடிச்சு ரெடியா வச்சிருக்கேன்.