மாட்டிஸ்-டாய்ச் ஃபோல்டர்

ஓவியங்களோட டிஜிட்டல் ஆர்க்கைவுக்கு கேட்டலாக் பண்றது தான் என் வேலை. ஸ்கேன் பண்ணின படம் ஸ்கிரீன்ல வரும், பக்கத்துல ஒரு ஃபார்ம் இருக்கும், ஆர்ட்டிஸ்ட் பேரு, ஊர், நாடு, வருஷம், எதுல வரைஞ்சது, என்ன சைஸ்னு எல்லாம் நிரப்பிட்டு கடைசியா படத்துல என்னென்ன தெரியுதுன்னு டேக் போடணும். மரம், குதிரை, தொப்பி போட்ட பொம்பளைன்னு இருந்தா சட்டுனு முடிஞ்சிடும். என்ன உருவம்னே தெரியாத அப்ஸ்ட்ராக்ட் படம் வந்தா தான் ஆளாளுக்கு அடுத்தவங்க தலையில கட்டப் பார்ப்பாங்க. அப்படி என்கிட்ட வந்து சேர்ந்தவர் தான் ருமேனியாவோட ஓவியரும் சிற்பியுமான ஹான்ஸ் மாட்டிஸ்-டாய்ச், இப்ப அவர் ஃபோல்டரை வேற யாருக்கும் கொடுக்க எனக்கு மனசே வராது.

முதல்ல பேரும் ஊருமே படுத்தி எடுத்துடுச்சு. சில ரெக்கார்ட்ல ஹான்ஸ்னு இருக்கும், சிலதுல அதோட ஹங்கேரிய வடிவமா யானோஷ்னு இருக்கும். அப்பா ஹங்கேரிக்காரர், அம்மா இப்ப ருமேனியாவுல இருக்கற டிரான்சில்வேனியாவுல பல தலைமுறையா இருக்கற ஜெர்மன் வம்சம், அப்பா சீக்கிரமே இறந்துட்டதால அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, அந்த வளர்ப்பு அப்பாவோட பேரு தான் பின்னாடி ஒட்டியிருக்கற டாய்ச். 1884ல பிறந்தது ப்ராஷோவ்ங்கற ஊர்ல. அப்ப அது ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யம், ஜெர்மன்காரங்களுக்கு அந்த ஊரு க்ரோன்ஷ்டாட், ஹங்கேரிக்காரங்களுக்கு ப்ரஷ்ஷோ. முதல் உலகப்போருக்கு அப்புறம் ருமேனியாவோட சேர்ந்துச்சு, 1950ல கம்யூனிஸ்ட் அரசாங்கம் ஸ்டாலின் பேரை வெச்சிடுச்சு. 1960 மார்ச்ல இவர் இறந்தப்ப அது ஓராஷுல் ஸ்டாலின், அந்த வருஷக் கடைசில தான் பழைய பேரு திரும்பி வந்துச்சு. ஆக பிறந்த ஊருக்கு ஒரு பேரு, இறந்த ஊருக்கு இன்னொரு பேரு, ரெண்டும் ஒரே ஊரு. எங்க ஃபார்ம்லயோ நாடுன்னா ஒண்ணே ஒண்ணு தான் செலக்ட் பண்ண முடியும். ஹங்கேரிக்காரங்க அவரை எங்காளுங்கறாங்க, ருமேனியாக்காரங்களும் அதையே தான் சொல்றாங்க, ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

டீம் லீட் அக்கா வந்து பார்த்துட்டு, "நாட்டை அப்புறம் பாத்துக்கலாம்டா, நீ எதுல வரைஞ்சதுன்னு கேக்கற மெட்டீரியல் கட்டத்துல இருந்து ஆரம்பி, அவர் கையில என்ன இருந்துச்சுன்னு பாரு"ன்னாங்க. இந்த வேலையில எனக்குக் கிடைச்ச நல்ல அட்வைஸ்னா அதைத்தான் சொல்லுவேன்.

கையில இருந்தது உளி. ஊர்லயே இருந்த மரவேலைப் பள்ளிக்கூடத்துல செதுக்கக் கத்துக்கிட்டு, அப்புறம் புடாபெஸ்ட், ம்யூனிக்னு சிற்பம் படிக்கப் போயி, கொஞ்ச நாள் பாரிஸ்ல இருந்துட்டு, 1908 வாக்குல ஊருக்கே திரும்பி வந்து அதே மாதிரி தொழிற்கல்விப் பசங்களுக்கு வாத்தியாரா பல வருஷம் வேலை பார்த்திருக்கார். அதாவது ஐரோப்பாவுல பழைய பாணியை உடைச்சுப் புதுசா பண்ணின அவாங்கார்ட் கலைஞர்களோட சேர்ந்து கண்காட்சி வெச்ச மனுஷனுக்கு மாசச் சம்பளம் வந்தது பள்ளிக்கூடத்துல இருந்து. இந்த விஷயத்தை நிறைய குறிப்புல ஒரு வரியில தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அது தான் சாவின்னு தோணுது.

ஏன்னா அவரோட லினோகட்டை, அதாவது லினோலியத்தைச் செதுக்கி மை தடவி அச்செடுத்த படத்தை, பெருசு பண்ணிப் பாருங்க. லினோலியம்ங்கறது ஆளிவிதை எண்ணெயையும் கார்க் தூளையும் கலந்து சணல் துணி மேல அழுத்தி எடுக்கற தரை விரிப்பு. மரத்துக்கு ரேகை உண்டு, ரேகைக்குக் குறுக்கால உளியை விட்டா எதிர்க்கும், பிளந்துக்கும். லினோவுக்கு ரேகையே கிடையாது, லேசா சூடு காட்டினா இன்னும் இளகிக் கொடுக்கும், எந்தப் பக்கம் வேணா வளைச்சுக்கலாம். மரத்தோட வருஷக்கணக்கா மல்லுக்கட்டின ஒரு கைக்கு இது கிடைச்சா என்ன ஆகும்னு அந்தப் படங்கள்ல அப்படியே தெரியுது. குனிஞ்ச மனுஷன், மலை, மரம், மூணும் ஒரே வளைவுல ஓடும், மனுஷனோட முதுகு எங்க முடியுது மலைச்சரிவு எங்க ஆரம்பிக்குதுன்னு சொல்ல முடியாது. வெட்டி எடுத்த இடம் வெள்ளை, விட்டு வெச்ச இடம் கருப்பு, நடுவுல சாம்பலே கிடையாது. வெள்ளைக் கோடு ஆரம்பிக்கற இடத்துல கூர்மையா இருக்கும், உளி உள்ள இறங்க இறங்க அகலமாகும், வெளிய வர்றப்ப திரும்ப மெலிஞ்சிடும். இதுல தயங்கி நின்ன இடம் ரொம்பக் கம்மி. டேக் போடறப்ப மரமா மனுஷனான்னு கேட்டா ரெண்டையும் போட்டுட்டேன்.

1917ல புடாபெஸ்ட்ல கஷ்ஷாக் லயோஷ்ங்கற எழுத்தாளர் நடத்தின 'மா'ங்கற அவாங்கார்ட் பத்திரிகை தங்களோட கண்காட்சியை இவரை வெச்சுத் தான் தொடங்கினாங்க, அந்த வருஷமே லினோகட் ஆல்பமும் போட்டாங்க. 1921ல பெர்லின்ல டெர் ஷ்டுர்ம் கேலரியில இவர் படங்களை ஓவியர் பால் க்ளே படங்களோட சேர்த்து வெச்சாங்க, 1924ல புகாரெஸ்ட்ல கான்டிம்போரானுல் பத்திரிகை நடத்தின சர்வதேச கண்காட்சியிலயும் இருந்தார். இந்த லிஸ்டைப் பார்த்தா எப்பவும் ட்ரெயின்ல இருந்த ஆளுன்னு தோணும், ஆனா வீடும் பட்டறையும் மலையடிவாரத்துல அந்த ஊர்லயே தான்.

அப்புறம் அந்த வண்ணப் படங்கள். ஆன்ம மலர்கள்னு ஒரு வரிசை, நிறையது அட்டை மேல எண்ணெய் வண்ணம், சின்னச் சின்ன சைஸ். நீலம், ஆரஞ்சு, பச்சைன்னு பட்டைப் பட்டையா கீழ இருந்து எழும்பி சுருண்டு போகும், தண்டு மாதிரியும் இருக்கும் அலை மாதிரியும் இருக்கும். அப்ஸ்ட்ராக்ட் ஓவியத்துல முன்னோடியான கான்டின்ஸ்கியோட பாதிப்புன்னு எழுதறாங்க, இருக்கலாம், நான் மறுக்கல. ஆனா கருப்பு வெள்ளைல அந்த லினோக்களைப் பார்த்துட்டு வந்து இதைப் பார்க்கறவங்களுக்கு அந்தப் பட்டையோட அகலமும் திரும்பற விதமும் உளி போன தடம் தான்னு உடனே பிடிபட்டுடும். பெயின்டிங் தனி டேட்டாபேஸ், பிரிண்ட் தனி டேட்டாபேஸ்னு பிரிச்சு வெச்சிருக்கறதால இது நிறைய பேர் கண்ணுல படாமலே போயிடுது, எனக்கு இதுல நிஜமாவே வருத்தம் உண்டு.

இருபதுகளோட பின்பாதியில வளைவெல்லாம் நிமிர்ந்து நெட்டையான மனுஷ உருவங்கள் வந்துச்சு, மரத்துலயும் அதே உருவங்களைச் செதுக்கி வண்ணம் பூசியிருக்கார். 1931ல ஜெர்மனியில போட்ஸ்டாம்ல கலைக் கொள்கை பத்தி இவர் எழுதின ஒரு புத்தகம் வந்துச்சு. அதுக்கப்புறம் முப்பதுகள்ல கண்காட்சிப் பக்கமே வராம ஒதுங்கி இருந்து, போர் முடியற சமயத்துல தான் திரும்ப வெளிய வர்றார், அப்போ ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட்காரங்களுக்கு அப்ஸ்ட்ராக்ட் பிடிக்காது, பார்த்தா புரியற தொழிலாளி படம் தான் வேணும். அந்தக் காலத்துப் படங்களை சறுக்கல்னு ஒதுக்கறவங்க உண்டு, எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரல, உளி பிடிச்சு வேலை பார்த்த மனுஷன் உழைக்கற உடம்பை வரைஞ்சா அதுல பொய் எவ்வளவு, நிஜம் எவ்வளவுன்னு படம் படமா தான் பார்க்கணும்.

இப்ப டீம்ல புதுசா சேர்றவங்களுக்கு நானும் மெட்டீரியல் கட்டத்தைத் தான் முதல்ல நிரப்பச் சொல்றேன். அவரோட பிரிண்ட் ரெக்கார்டையும் பெயின்டிங் ரெக்கார்டையும் ஒண்ணோட ஒண்ணு லிங்க் பண்ணியாச்சு, ஒண்ணைத் திறந்தா மத்ததும் பக்கத்துல வரும். நாடு கட்டத்துல ரெண்டு போட வழி பண்ணுங்கன்னு ரிக்வெஸ்ட் கொடுத்திருக்கேன், அது இன்னும் வரல, அதுவரைக்கும் குறிப்புப் பகுதியில ஊரோட நாலு பேரையும் வருஷத்தோட எழுதி வெச்சிருக்கேன்.